பிளேட்டின் மறுபாதி

அவர் செத்துப்போன செய்தியை அவரிடமே போய்ச் சொல்ல முடிந்திருந்தால், "அது அவங்கட பிழை, வடிவாப் பாக்கச் சொல்லு" என்றிருப்பார். இல்லை அண்ணன், இதயம் நின்றுவிட்டதாம் என்றால், "நான் நிக்கச் சொல்லல்லயே" என்றிருப்பார். அறுபத்தைந்து வருஷம் உயிரோடு இருந்த மனிதரில் ஒரு பிழையைக்கூட ஊரில் யாராலும் பிடிக்க முடியவில்லை. பிழை இல்லாததால் அல்ல. பிடிக்க அவர் விட்டதில்லை.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. மகள் வாசித்தால் சண்டைக்கு வருவாள். அந்தக் குணம் அவளுக்கும் இருக்கிறது.

எங்கள் சந்தியில் சலூன் வைத்திருந்தார். ஒரு கதிரை, ஒரு வாங்கு, ஒன்றரைக் கண்ணாடி. மற்ற அரைக் கண்ணாடி உடைந்த வழக்கில் குற்றவாளி ஒரு மைனா. தேற்றாத்தீவிலிருந்து பெரியகல்லாறு வரைக்கும் வீதியோரம் ஏ.சி. போட்ட சலூன்கள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் வாங்கில் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். அதில் இரண்டு பேருக்கு வெட்ட முடியே இருக்காது. அவர் வாதாடுவதைக் கேட்க வந்தவர்கள்.

அவருக்கு ஒரு வசனம் இருந்தது. "பிழை இரிக்கு மனே. ஆனா இஞ்ச இல்ல." 'இஞ்ச' என்னும்போது சீப்பால் தன் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டுவார். நீதவான் மேசையில் தட்டுவதுபோல.

ஒருமுறை பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், கிருதா ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருக்கிறது என்று முறைப்பட்டார். இவர் பதறவில்லை. மேசை லாச்சியிலிருந்து ஒரு நூலை எடுத்து, ஆசிரியரின் ஒரு காதின் அடியிலிருந்து மற்றக் காதின் அடிக்கு மூக்கின் மேலாக இழுத்துப் பிடித்தார்.

"சேர், கண்ணாடியப் பாருங்க. நூல் சரிஞ்சு கிடக்கா இல்லயா? உங்கட காது ரெண்டும் ஒரு மட்டத்தில இல்ல. நான் காதப் பாத்து வெட்டினன். காது வெச்சவனக் கேளுங்க."

பார்த்தால், உண்மையாகவே வலது காது ஒரு நூலளவு பதிந்துதான் இருந்தது. அந்த ஆசிரியர் அதற்குப் பிறகு வகுப்பில் நின்று பேசும்போதெல்லாம் வலது காதை மெல்ல மேலே தள்ளிக்கொள்வார் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

இன்னொரு முறை ஒரு கலியாண மாப்பிள்ளை. முகூர்த்தத்துக்கு மூன்று மணித்தியாலம் இருக்கிறது. மீசை ஒதுக்கும்போது ஒரு பக்கம் கொஞ்சம் குறைந்தது. அதைச் சமப்படுத்த மறுபக்கம் குறைந்தது. பிறகு இதைச் சமப்படுத்த அது. கடைசியில் இரண்டு பக்கமும் சமமாக ஒன்றுமில்லாமல் போயிற்று. மாப்பிள்ளையின் தாய் சலூன் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன மச்சாள் கத்துறீங்க?" என்றார் இவர். "மீசை போன பொறகுதான் பாக்கன், இவ்வளவு வடிவான சொண்டு. இத்தின வருஷமா இத மறைச்சு வெச்சது ஆர்ர பிழை?"

மாப்பிள்ளை கண்ணாடியைப் பார்த்தார். இன்றுவரைக்கும் அவர் மீசை வைக்கவில்லை.

ஆனால் இவர் பெருமைகளுக்கெல்லாம் பெருமை ஒன்று வைத்திருந்தார். தன் கத்தி ஒருநாளும் ஒருவரையும் வெட்டியதில்லை என்பது. கத்தி என்பது பேச்சுக்குத்தான். சுகாதாரப் பரிசோதகர் வந்து சொன்ன நாளிலிருந்து, புதுப் பிளேட்டை நடுவில் முறித்து, ஆளுக்கு ஒரு பாதியைப் பிடியில் செருகித்தான் வழிப்பார். ஆனாலும் அவருக்கு அது கத்திதான். "முகத்தில இரத்தம் வந்தா அது பரு. பரு இல்லாட்டி அது நுளம்பு. நுளம்பும் இல்லாட்டி நீ ஆடினது" என்பார்.

இந்தப் பெருமையில்தான் என் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நான் பேக்கரிச் சாமான் ஏற்றி விற்கிற பாண் ஓட்டோ ஓட்டுகிறவன். விடிய ஒரு சுற்று, பின்னேரம் ஒரு சுற்று. சாவியைத் திருப்பினால் பாட்டுத் தொடங்கும், பாட்டுக் கேட்டால் ஒழுங்கைக்குள் இருந்து சனம் வரும், சனம் வந்தால் கதை வரும். எனக்கு வந்த படிப்பெல்லாம் அப்படி வந்ததுதான். ஒரு வைகாசி மாதம், கதையோடு சேர்த்துக் கொப்புளிப்பானையும் எந்த ஒழுங்கையிலோ வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண் போய்ப் பெண்வீட்டில் இருப்பது. ஆகவே என் வீட்டுச் சட்டம் மாமியின் சட்டம். கொப்புளிப்பான் என்ற சொல்லே அந்த வீட்டுக்குள் வரக்கூடாது. அது அம்மாள். கண்ணகை அம்மன் கோயில் கதவு வருஷத்தில் ஒருமுறை திறந்து குளிர்த்திச் சடங்கு நடக்கிற மாதம் வேறு. "ஊர் பாக்க வந்தவ, நம்மட வீட்டுக்கும் வந்திரிக்கா" என்று மாமி படலையில் வேப்பிலை கட்டினார். மீன் இல்லை, தாளிப்பு இல்லை, சவரம் இல்லை, ஆட்கள் வரவில்லை. ஆஸ்பத்திரி என்ற பேச்சும் இல்லை. வந்தவவை ஊசியைக் காட்டி விரட்டுவதா?

பதினைந்து நாளில் மூன்று தண்ணீர் வார்த்து முடிந்தது. கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்கு உதிர்ந்தது. நல்லாகிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அப்போது பார்த்தால் இரண்டு கால் முன்னெலும்பிலும் கடுகு சிந்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள். பாண் தட்டை ஒருமுறை தூக்கிப் பார்த்ததில் கைச்சந்தில் நாவற்பழ நிறத்தில் ஒரு கண்டல். பல் துலக்கினால் வாய் கொப்பளித்த தண்ணீர் சிவப்பு.

மனைவிக்கு முகம் கறுத்துவிட்டது. "இஞ்சாருங்க, ஒருக்கா ஆஸ்பத்திரிக்குக் காட்டுவமா?"

மாமி விடவில்லை. "அம்மாள் கால் வழியா இறங்கிறா புள்ள. இறங்கிப் போறவவ ஆரும் கையப் பிடிச்சு நிப்பாட்டுறயா? நாலாந் தண்ணி ஒண்டு வார்ப்பம், போயிருவா."

எனக்கு ஊசி என்றால் பயம். ஆகவே மாமி சொன்னதுதான் எனக்கு விஞ்ஞானமாகப் பட்டது.

மூன்று தண்ணீர் வார்த்துவிட்டால் சவரம் செய்யலாம். அன்று காலையே சலூனுக்குப் போனேன். வாங்கில் ஒரேயொரு ஆள், ஏறாவூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் சாரம் கொண்டுவந்து விற்கிற முஸ்லிம் நானா. கிழமைக்கு ஒருமுறை வருவார், சாரம் விற்கிறாரோ இல்லையோ வாங்கில் ஒரு மணித்தியாலம் இருப்பார்.

"வா மனே. என்ன, காட்டுக்குள்ளால வாறயா?" என்று என் தாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பிளேட்டை முறித்தார். ஒரு பாதியைப் பிடியில் செருகினார். மறுபாதியைக் கடதாசியில் சுற்றி வைத்தார்.

நாடிக்குக் கீழே வரும்போது சின்னதாய் ஒரு கடி. எறும்பு கடித்ததுபோல.

"பரு" என்றார் உடனே.

"ஓம் அண்ணன்" என்றேன்.

இரத்தத்தை நிறுத்துகிற சீனாக்காரக் கட்டியை நனைத்துத் தேய்த்தார். நிற்கவில்லை. பவுடர் போட்டார். பவுடர் சிவந்தது. கடதாசித் துண்டு ஒட்டினார். கடதாசி நனைந்து விழுந்தது. துவாயை மடித்து அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். எடுத்துப் பார்த்தால் துவாயில் ஊரின் வரைபடம்.

நானா வாங்கிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணன், ஹஜ்ஜிப் பெருநாளுக்கு இன்னும் நாள் இரிக்கே. இப்பவே அறுக்கத் தொடங்கிட்டீங்களா?"

முப்பது வருஷத்தில் அவரிடம் அப்படி ஒரு சொல் யாரும் சொன்னதில்லை. இவர் துவாயை என் கையில் தந்து, "அமத்திப் பிடி" என்றார். பிறகு கடதாசியைப் பிரித்து அந்த மறுபாதிப் பிளேட்டை எடுத்தார்.

"நானா, வடிவாப் பாருங்க. இவனுக்குப் போட்டது இந்தப் பிளேட்டுர ஒரு பாதி. இது மற்றப் பாதி. ஒரே பெட்டி, ஒரே இரும்பு."

சொல்லிவிட்டு, தன் இடது முன்கையில் இழுத்துவிட்டார்.

"அண்ணன்!" என்று நானும் நானாவும் ஒரேநேரத்தில் கத்தினோம்.

"சத்தம் போடாம மணிக்கூட்டப் பாருங்க" என்றார். ரேடியோவில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. அந்த அறிவித்தலில் மருமக்கள் முடிந்து பேரப்பிள்ளைகளுக்கு வருவதற்குள் அவருடைய கையில் இரத்தம் நின்று, ஒரு சிவப்பு நூல் மட்டும் மிச்சமிருந்தது. என் துவாயிலிருந்து சொட்டுச் சேர்ட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"பாத்தீங்களா நானா? பிழை இரிக்கு. ஆனா இஞ்ச இல்ல." சீப்பால் அந்தக் கீறலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு மெதுவாக என்னைப் பார்த்தார். "பிழை உன்ட இரத்தத்தில இரிக்கு மனே."

வழக்கில் வென்ற சந்தோசம் அவர் முகத்தில் அரை நிமிஷம்தான் இருந்தது. குனிந்து என் சாரத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினார். புள்ளிகளைக் கண்டார். பெருவிரலால் ஒரு புள்ளியை அமத்தினார், எடுத்தார். இன்னொன்றை அமத்தினார், எடுத்தார்.

"கத்தி பட்டுத் தோல் சிவந்தா அமத்தினா வெளுக்கும், பொறகு சிவக்கும். இது வெளுக்கல்ல. இது தோலுக்கு வெளியால உள்ள சாமான் இல்ல. எழும்பு, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"மாமி சொன்னா, அது அம்மாள்..."

"அம்மாள் மூஞ்சில வந்து முத்துப் போட்டுட்டுப் போறவ. இரத்தத்தத் தண்ணியாக்கிற வேலைக்கு அவ என்னத்துக்கு வாறா? எழும்படா!"

அவருக்கு ஓட்டோ ஓடத் தெரியாது. அதை அவர் ஒப்புக்கொண்டதும் இல்லை. நானாவைக் கடைக்குக் காவல் வைத்துவிட்டு, சலூன் வாசலில் நின்ற என் பாண் ஓட்டோவில் ஏறிச் சாவியைத் திருப்பினார். பாட்டுத் தொடங்கியது. அதை எப்படி நிப்பாட்டுவதென்று அவருக்குத் தெரியவில்லை, எனக்குச் சொல்ல வாயைத் திறக்க முடியவில்லை, துவாய் அமத்திக்கொண்டிருந்தது. ஒழுங்கைக்கு ஒழுங்கை சனம் காசோடு வெளியே வந்து கைகாட்டியது.

"பாண் இல்ல! இரத்தம்தான் இரிக்கு, போங்க!" என்று கத்திக்கொண்டே ஓட்டினார். மதகில் ஒரு உரசல். "வீதிக்குள்ள கொண்டுவந்து மதகக் கட்டி வெச்சிரிக்கானுகள்" என்றார்.

எங்கள் படலையடியில் மாமி குறுக்கே நின்றார். பாட்டுச் சத்தத்தைக் கேட்டு, நோய்க்காரன் பாண் விற்கத் தொடங்கிவிட்டான் என்று அடிக்க வந்தவர். நிலைமையைக் கண்டதும் இவர் பக்கம் திரும்பினார்.

"உன்ட கத்தி வெட்டினதுக்கு அம்மாளில பழி போடுறியா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவரிடம் சொல்லவே கூடாத சொல் அது. ஆனால் அவர் கோபப்படவில்லை. கெட்டிக்காரச் சட்டத்தரணிபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, கத்தியிலயும் பிழை இல்ல, அம்மாளிலயும் பிழை இல்ல. ரெண்டு பேரையும் காப்பாத்தத்தான் போறன். நீங்களும் ஏறுங்க. ரிப்போட்டில அம்மாள்ர பேர் வந்தா நான் இதே இடத்தில விழுந்து கும்பிடுறன்."

மாமி ஒரு கணம் யோசித்தார். அம்மாளுக்காகச் சாட்சி சொல்ல ஒருவர் வேண்டுமே. படலையிலிருந்து ஒரு கொத்து வேப்பிலையை முறித்துக்கொண்டு, பணிஸ் தட்டுகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தார்.

டவுன் ஆஸ்பத்திரியில் சின்ன வயதுப் பெண் டொக்டர் ஒருவர். பொருக்குகள் எல்லாம் காய்ந்துவிட்டனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கால் புள்ளிகளை இவர் செய்ததுபோலவே அமத்திப் பார்த்தார். இவர் மாமியைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினார். இரத்தம் எடுத்துப் போனார்கள். முடிவு வந்தபோது டொக்டர் என்னைக் கதிரையிலிருந்து எழும்பவே விடவில்லை.

"இரத்தத்தை உறைய வைக்கிற சிறுதட்டுக்கள் எண்டு இருக்கு. பிளேட்லெட். ஒண்டரை லட்சத்துக்கு மேல இருக்க வேணும். உங்களுக்கு ஒன்பதினாயிரம்தான் இருக்கு."

"மிச்சம் எங்க போன?" என்றார் இவர், யாரோ களவெடுத்ததுபோல.

"கொப்புளிப்பான் கிருமிய அடிக்க உடம்பு ஒரு படைய எழுப்பினது. கிருமி போயிட்டு. படை வீட்டுக்குப் போகல்ல. இப்ப சொந்தச் சிறுதட்டுக்களையே கிருமி எண்டு பிடிச்சு அழிக்குது."

அடிக்க வந்த படை வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாது என்பது எங்கள் பக்கத்தில் யாருக்கும் இரண்டாம் தரம் விளங்கப்படுத்த வேண்டிய விஷயமில்லை. மூன்று பேரும் உடனே தலையாட்டினோம்.

"அப்ப அம்மாள்?" என்றார் மாமி, வேப்பிலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.

"அம்மாள் எப்பவோ போயிட்டா அம்மா. இது அவவுக்குப் பின்னால வந்த கூட்டம்."

மாமியின் முகம் தெளிந்தது. உடனே இவர் முன்னுக்கு வந்தார். "அப்ப கத்தி?"

"எந்தக் கத்தி?"

இவர் முழு வழக்கையும் சொன்னார். பருவிலிருந்து தொடங்கி, பிளேட்டின் இரண்டு பாதிகள், மரண அறிவித்தல், எல்லாம். கையைக் காட்டினார். டொக்டர் அந்தக் கீறலை நீண்ட நேரம் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தேன். ஆனால் என்னிடம் திரும்பியபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"நீங்க இண்டைக்கு முகம் வழிக்கப் போகாம, நாளைக்குப் பாண் தட்டுத் தூக்கேக்க விழுந்து தலையில அடிபட்டிருந்தா... சிலநேரம் விழாமலே தலைக்குள்ள கசியும்..." மாமியின் கையிலிருந்த வேப்பிலை நிலத்தில் விழுந்த சத்தம் கேட்டது.

"அப்ப கத்தியில பிழை இல்ல எண்டு ஒரு துண்டு எழுதித் தருவீங்களா மிஸ்?" என்றார் இவர்.

வாட்டில் போட்டார்கள். காலையில் ஒரு பிடி குளுசை, பிரெட்னிசொலோன் என்ற பெயரை அங்கேதான் படித்தேன். பல் துலக்கத் தூரிகை இல்லை, வாயைக் கொப்பளிக்க மட்டும். காய்ச்சல், நோ என்றால் அஸ்பிரின் மாதிரி மருந்து எதையும் தொடக்கூடாது, அது இருக்கிற இரத்தத்தையும் இளக்கிவிடும். சவரம் அறவே இல்லை. ஆட்கள் வந்து, எங்கட இரத்தத்தை எடுங்க, அதில் இருக்கிற பிளேட்லெட்டை ஏத்துங்க என்று கேட்டார்கள். அதை இப்போது ஏற்றினால் படை அதையும் தின்றுவிடும், உயிருக்கு ஆபத்தான இரத்தப்போக்கு வந்தால் மட்டும்தான் ஏற்றுவோம் என்றார் டொக்டர். முதலில் படையை அடக்க வேண்டும்.

இவர் ஒவ்வொரு நாளும் பார்வை நேரத்துக்கு வந்தார். சலூனைப் பூட்டிவிட்டு, பஸ்ஸில். வாசலில் நின்றே கேட்பார், "இண்டைக்கு எத்தின?"

"ஒன்பது."

அடுத்த நாளும் அதே கேள்வி.

"ஏழு."

பக்கத்துக் கட்டில்காரர் நாங்கள் கிரிக்கெட் பேசுகிறோம் என்று நினைத்து, "ஆர் அவுட்?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் விடிய மூக்கால் இரத்தம் வந்தது. பஞ்சு வைத்து அடைத்தார்கள். அன்றைக்கு நாலு. பின்னேரம் அவர் வந்து கேட்டபோது நான் விரலைக் காட்டினேன். குற்றம் சாட்ட ஆளைத் தேடுவதுபோல வாட்டைச் சுற்றிப் பார்த்தார். நேர்ஸைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே வாவியைப் பார்த்தார். யாரும் கிடைக்கவில்லை. கட்டில் ஓரத்தில் இருந்து என் தாடியைத் தொட்டார்.

"வளந்து போச்சு மனே. கெதியா வெளியால வா, வழிப்பம்" என்றார். சொல்லிவிட்டு முகத்தை அங்காலே திருப்பிக்கொண்டார். அதற்கு முதலும் பிறகும் அவர் என்னிடம் முகத்தைத் திருப்பியதில்லை.

அன்றிரவே வேறொரு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். கண்ணாடிப் போத்தலில், மணித்தியாலக் கணக்காகச் சொட்டுச் சொட்டாக. ஆயிரக்கணக்கான ஆட்களின் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புச் சத்தாம், அதைக் கண்டு என் படை குழம்பி நிற்குமாம். இரண்டு நாள் ஏற்றினார்கள். அடுத்த நாள் பதினாறு. அதற்கடுத்த நாள் ஐம்பத்திரண்டு. பிறகு ஒரு லட்சத்துப் பத்தாயிரம். இவர் வாசலில் நின்று இரண்டு கையையும் தூக்கினார். பக்கத்துக் கட்டில்காரரும் தூக்கினார்.

குளிர்த்தியன்று மாமி அம்மாளுக்கும் டொக்டருக்கும் சேர்த்தே நேர்ந்து பொங்கல் வைத்தார்.

குளுசை முகத்தைப் பூசணிக்காயாக்கிவிட்டிருந்தது. டொக்டர் சரி என்று சொன்ன பிறகு சவரத்துக்குப் போனபோது, "இவ்வளவு முகத்துக்கு அரைப் பிளேட் காணாது, முழுசாப் போடவேணும்" என்றார் இவர். வாங்கு நிறைய ஆட்கள். ஒரு கீறல் இல்லாமல் வழித்துவிட்டுச் சபையைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் கண்ணாடிக்கு மேலே கண்டேன், என்னுடைய முதல் ரிப்போட். சட்டம் போட்டு, ஆணியடித்து, ஒன்பதினாயிரத்தின் கீழே சிவப்புப் பேனையால் கோடு. டொக்டர் துண்டு எழுதித் தரவில்லை. இவர் மாமியிடம் ரிப்போட்டை வாங்கிப் பிரதி எடுத்துவிட்டார்.

"அண்ணன், என்ட இரத்தத்த இப்பிடிச் சந்தியில தொங்கவிட்டா எப்பிடி?"

"உன்ட இரத்தம் இல்லடா அது. என்ட கத்திர விடுதலைப் பத்திரம்."

நாலு வருஷம் அது அங்கே தொங்கியது. யாராவது 'ஸ்ஸ்' என்றால் சீப்பு அந்தச் சட்டத்தைக் காட்டும். "இவனும் இப்பிடித்தான் சொன்னவன். போய் இரத்தத்தப் பாரு." நாலைந்து பேர் உண்மையாகவே பயந்துபோய்ச் சோதித்தார்கள். ஒருவருக்குச் சீனி வருத்தம் கண்டுபிடித்தார்கள். அதையும் இவர் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

இந்த நாலு வருஷத்தில் அவருடைய கண்ணும் கொஞ்சம் கொஞ்சமாய் மங்கியது. பேப்பரைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பார். "மை காணாமல் அடிக்கிறானுகள்" என்பார். பல்பை மூன்று தரம் மாற்றினார்.

ஒருநாள் எனக்கு ஒரு கன்னம் முடித்து, இடது காதுக்குக் கீழே வந்தார். எறும்புக் கடி.

கண்ணாடியில் பார்த்தேன். ஒரு துளி. வாங்கில் நானா இருந்தார். நான் 'பரு' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். சொல் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், பிளேட்டைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

"எழும்பு" என்றார். "இரத்த டெஸ்ட் எடுக்கப் போ."

"சின்னக் கீறல் அண்ணன்."

"அண்டைக்கும் சின்னக் கீறல்தான்டா!" குனிந்து சாரத்தைத் தூக்கி இரண்டு காலையும் பார்த்தார். கிட்டப் போய், இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார். புள்ளி ஒன்றும் இல்லை. அதற்குள் இரத்தமும் நின்றுவிட்டது. "நிண்டுட்டு அண்ணன்" என்றால், "எனக்குக் காட்டிறத்துக்கு நிண்டிரிக்கு" என்றார். கன்னம் ஒன்று வழித்தது, ஒன்று வழிக்காதது. அப்படியே துரத்திவிட்டார்.

டவுனில் இரத்தம் கொடுத்து, ரிப்போட் எடுத்து, ஓட்டோவுக்குள் இருந்து பிரித்துப் பார்த்தேன். இரண்டு லட்சத்து நாற்பதினாயிரம். தப்பிவிட்டேன். அடுத்த கணம்தான் விளங்கியது, என் சட்டைப் பையில் இருப்பது அவருடைய கத்திக்கு எதிரான தீர்ப்பு.

பொய் சொல்ல யோசித்தேன். ஒரு சைபரை அழித்துவிட்டால் இருபத்தி நாலாயிரம், கத்தி தப்பிவிடும். ஆனால் அந்த மனிதர் பிறகு சாப்பிடுவாரா? பெருமையைக் காப்பாற்றினால் நித்திரை போகும், நித்திரையைக் காப்பாற்றினால் பெருமை போகும். ஓட்டோவை எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் கடதாசியை நீட்டினேன்.

கையை நீட்டிப் பிடித்து வாசிக்கப் பார்த்தார். கடைசியில் நானாவிடம் கொடுத்தார். நானா சத்தமாக வாசித்தார்.

"ரெண்டு லட்சத்து நாப்பதா?"

"ஓம் அண்ணன்."

"வடிவாப் பாத்தவங்களா?"

"மிஷின் பாத்தது."

"மிஷினில பிழை இரிக்காதா?" பழக்கத்தில் வந்துவிட்டது.

"அப்ப திருப்பியும் பாக்கச் சொல்லுவமா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என்னுடைய அரைத் தாடியைப் பார்த்தார். மிஷினில் பிழை என்றால் கத்தி தப்பும், நான் கட்டிலில் கிடப்பேன். வாழ்க்கையில் முதல்தரமாக அவர் ஒரு மிஷினைக் குற்றம் சாட்டாமல் நின்றார்.

"வேணாம்" என்றார். "மிஷின் சரி."

நானா ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தார்.

இவர் ஸ்டூலில் ஏறிச் சட்டத்தைக் கழற்றினார். ஒன்பதினாயிரத்தை உருவி எடுத்தார், இரண்டு லட்சத்து நாற்பதினாயிரத்தைச் செருகினார், அதே ஆணியில் மாட்டினார். இறங்கி வந்து மறுபாதிப் பிளேட்டைப் பிடியில் செருகினார்.

"இரு மனே, மற்றக் கன்னம் கிடக்கு. நானா, உங்கட போன்ல வெளிச்சம் பிடிங்க. கிட்ட பிடிங்க. எனக்குக் கண் தெரியுதில்ல."

அடுத்த மாதம் கண் ஒப்பரேஷன் செய்துகொண்டார். அதற்குப் பிறகும் சீப்பு அந்தச் சட்டத்தைக் காட்டத்தான் செய்தது, வேறு விதமாக. கல்முனைப் பக்கத்திலிருந்து வந்த யாரோ ஒருவர் முதல்தரம் கதிரையில் இருந்துகொண்டு, "இதென்ன அண்ணன், சாமிப் படம் வைக்கிற இடத்தில இரத்த ரிப்போட்?" என்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. நான் வாங்கில் இருந்தேன்.

"பிழை இரிக்கு மனே" என்றார் இவர், கன்னத்தில் சவர்க்காரம் பூசிக்கொண்டே. சீப்பால் முதலில் தன் நெஞ்சைத் தட்டி, பிறகு சட்டத்தைக் காட்டினார். "பாரு, இஞ்சதான் எழுதிக் கிடக்கு."